கத்தி கேட்ட மாட்டு டாக்டர்

“வெட்டிப் பார்க்காம எப்படி மேடம் சொல்றது?” என்று கேட்டார் இருதயராஜ்.

மெஹருன்னிஸா அவர் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலையிலிருந்த மீனை ஈரத்துணித் தொட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

இருதயராஜ் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். செத்த மாடு, செத்த கோழி எதுவானாலும் அவர் கத்தி வைத்தால் நோய் வெளியே வந்துவிடும். ஓய்வுக்குப் பிறகு ஆற்று மீன்மேல் ஆசை வந்தது. தன்னைவிட வயதில் சிறியவரான மெஹருன்னிஸாவிடம் போய், “எனக்கும் சொல்லிக்கொடுங்க” என்றார்.

மெஹருன்னிஸா பவானி ஆற்றில் பொம்மீன்களின் உடல்நலம் பார்ப்பவர். ஒருகாலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த மீன். இப்போது பல நாள் வலை சும்மாதான் வருகிறது.

அன்று வந்தது ஒன்றே ஒன்று. பெரிய பெண்மீன். விலாவில் சிவந்த புண்கள்.

“இது கிருமின்னா மடு முழுக்கப் பரவும். இருக்கிற கொஞ்சமும் போயிரும்” என்றார் இருதயராஜ். “ஒண்ணை வெட்டிப் பார்த்துட்டா மத்ததைக் காப்பாத்தலாம்.”

“மத்தது எங்க?”

இருதயராஜ் ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மெஹருன்னிஸா தோள்பையிலிருந்து கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இது பிழைக்குமான்னு தெரிஞ்சிக்கத்தானே கேக்கறீங்க, டாக்டர்?”

“ஆமா.”

“அப்ப வெட்டுங்க.”

அவர் கத்தியோடு நின்றார். மீன் தொட்டிலுக்குள் வாயைத் திறந்து திறந்து மூடியது.

கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். கோபம்தான். ஆனால் கைகளை ஆற்றில் நனைத்துக்கொண்டு குனிந்தார்.

“சரி. என்ன பாக்கணும்?”

“மாட்டுல முதல்ல என்ன பாப்பீங்க?”

“கண்ணு.”

“பாருங்க.”

கண் தெளிவாக இருந்தது. செவுள் மூடியை மெல்லத் தூக்கினார். உள்ளே நல்ல சிவப்பு. உடலின் வழவழப்பைத் துளி சுரண்டி மெஹருன்னிஸா கண்ணாடித் துண்டில் தடவினார். கரையில் மைக்ரோஸ்கோப் காத்திருந்தது.

“வயித்தைத் தொடுங்க. அமுக்காதீங்க.”

தொட்டார். உடனே நிமிர்ந்தார்.

“மேடம், சினை!”

“ம்.”

“வயிறு நிறைய முட்டை!”

“புண்ணைப் பாருங்க, டாக்டர்.”

இருதயராஜ் மூக்கு தண்ணீரில் படும்வரை குனிந்தார். எத்தனையோ மாடுகளின் புண் பார்த்த கண். அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

“ஓரத்துல புதுத்தோல் வந்திருக்கு. இது ஆறிட்டிருக்கு.”

மெஹருன்னிஸா மீனை நீருக்குள் மல்லாக்கத் திருப்பினார். கண் இமைக்கும் நேரத்தில் அது நேராகிவிட்டது. வாலை லேசாகக் கிள்ளினார். ஓங்கி ஓர் அடி. இருதயராஜின் முகம், சட்டை, தலை எல்லாம் தண்ணீர். துணியைத் தாண்டி மீன் நீரோட்டத்தை எதிர்த்துப் பாய்ந்து மறைந்தது.

“ஐயோ, எடை போடலையே!” என்று கத்தினார் இருதயராஜ். கத்தியவர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. மெஹருன்னிஸாவுக்கும் முடியவில்லை.

சுரண்டி எடுத்ததில் கெட்டதாக எதுவும் தென்படவில்லை.

மழைக்காலம் போனது. ஆறு தெளிந்தது.

இருவரும் திரும்பவும் அந்த மடுவுக்கு வந்தார்கள். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில், கூழாங்கற்களின் மேலே, விரல்நகம் அளவுக்கு மீன்குஞ்சுகள். கறுப்பாக, மேகம்போல.

“பொம்மீன் குஞ்சுங்களா?”

“ஆமா.”

“அதோட குஞ்சுங்களா?”

“யாருக்குத் தெரியும்?”

இருதயராஜ் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழப்பத்தோடு கேட்டார்.

“இதுங்க செவுளைத் தூக்கிப் பாக்க முடியாது. வயித்தைத் தொட முடியாது. நல்லா இருக்கான்னு எப்படி மேடம் சொல்றது?”

மெஹருன்னிஸா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீருக்குள் வைத்தார்.

மேகம் சிதறியது. ஒன்றுகூட அங்கே இல்லை.

“நீங்களும் வைங்க. ஆடாம நில்லுங்க.”

வைத்தார். நின்றார். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் எல்லாம் வந்தன. பாதத்தைச் சுற்றி மொய்த்து, விரலிடுக்கில் புகுந்து கொத்தத் தொடங்கின.

இருதயராஜ் நெளிந்தார்.

“என்ன டாக்டர், எப்படி இருக்குங்க?”

“பசியோட இருக்குங்க, மேடம்!”