இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவில்

"எல்லாம் புரியுது மேடம். மார்க்குதான் வரமாட்டேங்கு."

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது ஜெனிட்டா மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் கவளத்தை எடுத்திருந்தார்.

கல்லூரிக் கணிதத் துறையில் கடைசி நாற்காலி அவருடையது. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில். வேலைக்கு வந்து அதிக நாளாகவில்லை. சிஷ்யனைவிட குருவுக்கு வயது குறைவு. குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் சிஷ்யனின் தாடியைப் பார்த்துத் திருப்தி அடையலாம்.

ஆவுடையப்பன் அதே கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். படித்து முடித்தான், பாஸ் பண்ணி முடிக்கவில்லை. முதல் செமஸ்டர் முக்கோணவியல் மட்டும் அரியராக நின்றுவிட்டது. வருடா வருடம் எழுதுவான். வருடா வருடம் போகும்.

இந்த முறை விளையாட்டில்லை. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. இது போனால் டிகிரியே போச்சு.

டிகிரி போனால் 'சார்' போச்சு.

அவன் வேலை பார்ப்பது ஒரு சின்ன தனியார் பள்ளிக்கூடத்தில். முதலில் அங்கே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆளாக இருந்தான். ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் கல்யாணமாகிப் போனதும் தாளாளர் அவனைக் கூப்பிட்டு, நீ கணக்குதானே படித்தாய், போய் நில் என்றார். போய் நின்றான். மறுநாளே பிள்ளைகள் 'கணக்கு சார்' என்றார்கள். அன்றைக்கு அவனுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது தாளாளர் கறாராகச் சொல்லிவிட்டார். ஜூனில் சான்றிதழ் வர வேண்டும். இல்லாவிட்டால் வேன் அங்கேதான் நிற்கிறது.

நேற்றுவரை சார் என்ற பிள்ளைகளை நாளைக்குக் கக்கத்தில் கைகொடுத்து வேனிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, மேடம்தான் ஒரு வழி காட்ட வேண்டும் என்றான்.

மேடம் கை கழுவிவிட்டு வந்தார். ஒரு தாளில் ஒரு கணக்கு எழுதி நீட்டினார்.

ஒன்று கூட்டல் சைன் தீட்டா, அதன் கீழே காஸ் தீட்டா. இது இடப்பக்கம். காஸ் தீட்டா, அதன் கீழே ஒன்று கூட்டல் சைன் தீட்டா. இது வலப்பக்கம். இரண்டும் சமம் என நிரூபி.

ஆவுடையப்பன் நின்றபடியே ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினான். மேடம் டிபன் பாக்ஸை மூடுவதற்குள் முடித்துவிட்டான். 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டு, சுற்றி ஒரு கட்டமும் கட்டினான்.

மேடம் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நல்ல கையெழுத்து, ஆவுடையப்பன்."

நாளைக்கும் வரச் சொன்னார்.

*

ஆவுடையப்பனின் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். அவன் கண்டுபிடித்தது இல்லை. அந்தக் கல்லூரியில் அது பரம்பரைச் சொத்து.

நிரூபிக்கச் சொல்லும் கணக்கில் ஒரு வசதி உண்டு. விடை கேள்வியிலேயே இருக்கிறது. ஆகவே இடப்பக்கத்தை எழுதி மேலிருந்து சில வரி இறங்குவான். வலப்பக்கத்தைத் தாளின் அடியில் எழுதிக்கொண்டு கீழிருந்து சில வரி ஏறுவான். நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதில் 'சுருக்க' என்று எழுதி ஒரு கமா போடுவான்.

சுருக்கினால் கிடைக்கும் என்று அர்த்தம். யார் சுருக்குவது என்பது அதில் இருக்காது. பொதுவாக, திருத்துகிறவர் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

மற்ற பேப்பர்களைத் திருத்தியவர்கள் எப்படியோ சுருக்கிக்கொண்டார்கள். முக்கோணவியலைத் திருத்துகிறவர்கள் மட்டும் கல்மனசுக்காரர்களாக வாய்த்தார்கள்.

*

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தான். தினமும் ஒரு கணக்கு கொடுத்தார். தினமும் நிரூபித்தான்.

மேடம் தாளைப் பார்ப்பார், "ம்" என்பார், மேஜை டிராயரில் போடுவார்.

ஆவுடையப்பனுக்கு நடையே மாறிவிட்டது. தாளாளரிடம் போய், கொடுத்த கணக்கையெல்லாம் போட்டுவிட்டேன், மேடம் ஒரு தப்புகூடச் சொல்லவில்லை என்றான். தாளாளர் அவனைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் மேடம் அவனைக் காலி வகுப்பு ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாக்பீஸைக் கையில் கொடுத்து, முதல் நாள் போட்ட கணக்கைப் போர்டில் போடச் சொன்னார். தான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் மேலிருந்து இறங்கினான். கீழிருந்து ஏறினான். நடுவில் 'சுருக்க' போட்டான். கட்டம் கட்டினான்.

"அந்த நடு வரி," என்றார் மேடம்.

"சுருக்கினா வரும் மேடம்."

"சுருக்குங்க."

சுருக்கினான். வரவில்லை. அழித்துவிட்டு வேறு மாதிரி சுருக்கினான். அதுவும் வரவில்லை. சைன் வர்க்கத்தைக் காஸாக மாற்றினான், காஸைத் திரும்பச் சைனாக்கினான், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் சாக்பீஸ். வீட்டில் வைத்து நிதானமாகப் பார்த்தால் வந்துவிடும் என்றான்.

"தீட்டாவுக்கு ஏதாவது ஒரு கோணம் போட்டுப் பாருங்களேன்."

பூஜ்யம் போட்டான். இரண்டு பக்கமும் ஒன்று வந்தது. ஆவுடையப்பனுக்கு மூச்சு திரும்பியது. பாத்தீங்களா மேடம் என்கிற மாதிரி திரும்பி நின்றான்.

"முப்பது போடுங்க."

போட்டான். இடப்பக்கம் ரூட் மூன்று வந்தது. வலப்பக்கம் ஒன்று பை ரூட் மூன்று வந்தது.

மறுபடி போட்டான். மறுபடியும் அதேதான்.

"எது பெரிசு?" என்றார் மேடம்.

"இடப்பக்கம்."

"எவ்வளவு பெரிசு?"

வகுத்துப் பார்த்தான். "மூணு மடங்கு."

இரண்டு பேரும் போர்டைப் பார்த்தார்கள். ஒன்றும் அதன் மூன்று மடங்கும் சமம் என்று அங்கே எழுதியிருந்தது. சுற்றிக் கட்டமும் இருந்தது.

"மேடம், கணக்கே தப்பு."

"ஆமா. புஸ்தகத்துல வலப்பக்கம் கழித்தல். நான்தான் கூட்டலாக்குனேன்."

"தப்புக் கணக்கக் கொடுக்கலாமா மேடம்?"

"நீங்கதான் சரின்னு நிரூபிச்சிட்டீங்களே."

ஆவுடையப்பன் சாக்பீஸைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மத்த கணக்கெல்லாம்?"

"எல்லாமே அப்படித்தான்."

*

அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பரீட்சை நெருங்குகிறது, பிழைப்பு ஊசலாடுகிறது, இந்தப் பெண்பிள்ளை உட்கார்ந்து விளையாடியிருக்கிறாள். துறைத்தலைவரிடம் சொல்லிவிடலாம் என்று படியேறினான். என்னவென்று சொல்வது? தப்புக் கணக்கு கொடுத்தார், நான் அத்தனையையும் நிரூபித்துவிட்டேன் என்றா? படியிறங்கிவிட்டான்.

மறுநாள் ஏழாம் வகுப்பில் ஒரு சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு வரி வந்தது. அவன் நினைக்கவேயில்லை, கைதான் 'சுருக்க' என்று எழுதியது.

வகுப்பு மொத்தமும் குனிந்து அதை எழுதிக்கொண்டது. சிலர் ஸ்கேல் வைத்து அடிக்கோடுகூடப் போட்டார்கள்.

ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ஆவுடையப்பனுக்குப் பயமாக இருந்தது.

*

ஒரு வாரம் கழித்துத் துறைக்கு வந்தான். கண்ணில் தூக்கமில்லை.

"மேடம், இப்ப ஒண்ணுமே வரமாட்டேங்கு."

புத்தகத்தில் இருக்கிற நல்ல கணக்குகளாகவே எடுத்து உட்கார்ந்தானாம். முதல் வரி வருகிறது, இரண்டாவது வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. முன்னெல்லாம் ஒரு கணக்கும் நின்றதில்லை. இருந்ததையும் நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜெனிட்டா மேடம் எழுந்துபோய்ப் பக்கத்து மேஜை நாற்காலியை இழுத்து வந்து போட்டார்.

"உக்காருங்க. எங்க நிக்கு?"

அன்றைக்குத்தான் பாடம் தொடங்கியது.

நிபந்தனை ஒன்றுதான். எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியோடு வர வேண்டும். வேறு எதுவும் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு சமக்குறிக்கும், ஏன் சமம் என்று வாயால் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடத்தில் நின்றுகொள்ளலாம். நிற்பது தப்பில்லை.

ஆவுடையப்பன் நின்ற வரியோடு வந்தான். மேடம் அந்த ஒரு வரியைத் தாண்ட மட்டும் கைகொடுப்பார். அடுத்த வரிக்கு அவன் பாடு.

கொஞ்ச நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறும்போது, பாதிப் படியில் விடை தெரிந்துவிடும். அப்படியே திரும்பி இறங்கிவிடுவான். பிறகு கல்லூரி வாசலிலேயே தெரிய ஆரம்பித்தது. வாட்ச்மேன், தினமும் வந்து வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற இந்தத் தாடிக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு நாள் பஸ்ஸிலேயே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இறங்க மறந்து அடுத்த ஊர்வரை போனான். டிக்கெட்டுக்காகக் கண்டக்டர் போட்ட சத்தம்கூட அவனுக்கு இனிமையாக இருந்தது.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவன் துறைப்பக்கமே வரவில்லை. மேடம் மாலையானால் வாசலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

*

பரீட்சையில் முதல் கணக்கிலிருந்தே ஆவுடையப்பன் வரிவரியாக இறங்கினான். ஒவ்வொரு சமக்குறியிலும் உதடு அசைந்தது. மேற்பார்வையாளர் அவன் யாரிடமோ பேசுகிறான் என்று பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கடைசிக் கணக்கு பாதியில் நின்றது.

மேலே பார்த்தான், கீழே பார்த்தான். வேறு வழியில் போய்ப் பார்த்தான். நேரம் முடியப்போகிறது என்று முதல் மணி அடித்துவிட்டது. அடியில் வலப்பக்கம் எழுதுவதற்கு இடம் தாராளமாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு வார்த்தை போட்டால் போதும். திருத்துகிறவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் முழு மார்க். அந்த மார்க்கில் டிகிரி இருக்கலாம். பேனா அந்த இடத்துக்கு மேலேயே நின்றது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குனிந்து எழுதியது கண்ணில் வந்தது.

'இதற்கு மேல் எனக்கு வரவில்லை' என்று எழுதினான். கையெழுத்து வழக்கம்போல் அழகாகத்தான் இருந்தது. தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

*

ஜெனிட்டா மேடம் கேன்டீன் வாசலில் நின்றிருந்தார்.

இதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஆவுடையப்பன் பரீட்சை எழுதிவிட்டு, எழுபதுக்குக் குறையாது என்று சொல்லிக்கொண்டுதான் வெளியே வருவான். எல்லாத் தடவையும் போயிற்று.

"எப்படி?" என்றார் மேடம்.

"ஒண்ணு பாதியில நின்னுட்டு மேடம். வரலன்னு எழுதி வச்சிட்டேன்."

"மத்தது?"

"மத்ததுக்கெல்லாம் காரணம் சொல்லுவேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன்." பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். "ஆனா அந்த ஒண்ணால போயிட்டுன்னா, திரும்ப வேன்தான் மேடம்."

மேடம் உள்ளே போனார். இரண்டு தட்டோடு வந்தார். சூடான கேசரி. நெய் தட்டில் வழிந்தது.

ஆவுடையப்பன் வாங்கத் தயங்கினான்.

"ரிசல்ட் இன்னும் வரலையே மேடம்?"

"எனக்கு வந்துட்டு. சாப்பிடுங்க சார்."