ஜுக்கலாரி

‘ஜுக்கலாரி’ பாட்டு ஊரெல்லாம் ஓடியதற்கு வெற்றி விழா. பாட்டெழுதிய கவிச்சிகரம் பொன்வளவன் ஒரு மணி நேரமாக மைக்கை விடவில்லை. அந்தச் சொல்லைப் பழைய ஓலைச்சுவடியில் கண்டெடுத்தாராம். மழைக்கு முன் வரும் மண்வாசம் என்று பொருளாம்.

கோரஸ் பாடகி பிலோமினா மேடையின் பின்வரிசையில் கால் கடுக்க நின்றிருந்தாள். கோரஸுக்கு நாற்காலி போடும் வழக்கம் எங்கேயும் கிடையாது. ரெக்கார்டிங் அன்று கவிஞரின் வரி மெட்டுக்குப் பற்றாமல் போனது, அவரும் போனை எடுக்கவில்லை. வாய்க்கு வந்ததைப் பாடி அந்த இடத்தை நிரப்பியவள் இவள்தான்.

“அது பிலோமினாக்கா பாடி வெச்சதுன்னு சொல்றாங்களே?” என்று தொகுப்பாளினி கேட்டுவிட்டாள்.

கவிஞர் சிரித்தார். “அப்படியா அம்மா? இங்கேயே நிரூபிங்க. முடியலேன்னா இனிமே என் பாட்டுக்குக் கோரஸ் பாட வராதீங்க.”

பிலோமினா அலுப்போடு மைக்கை வாங்கினாள். “நீங்க சொன்னா சரிதான் ஐயா. அன்னிக்கு அதுக்கு அடுத்தாப்புல ‘நிம்பிலாவே’ன்னும் பாடினோம். நீளம்னு வெட்டிட்டாங்க. அதுவும் ஓலையில இருக்குங்களா?”

“இருக்கிறதே! மண்வாசத்துக்குப் பின் விழும் முதல் துளி!”

“அப்படி எதுவும் பாடலீங்க. இப்போ நிக்கிறப்ப வாயில வந்துச்சு.”

அரங்கம் சிரித்து ஓயவே இல்லை. இசையமைப்பாளர் மட்டும் அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டு, “அக்கா, நாளைக்கு ஒன்பது மணிக்கு ரெக்கார்டிங் வந்துடுறீங்களா?” என்றார்.

“வர்றேன் சார். ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.”