வல்லூறின் பின்சீட்டுக் கைப்பிடி

சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்குத் தெய்வசிகாமணி வருடத்துக்கு ஒரு முறை வருவார். சும்மா வர மாட்டார். அந்த வருடத்து வல்லூறு காரில்தான் வருவார்.

கோவையில் ஒரு கம்பெனி செய்யும் மின்சாரக் கார் அது. சத்தமே இல்லாமல் நிற்கும், மிதித்தால் கண் இமைப்பதற்குள் பறக்கும். முதல் மாடலிலிருந்து அதை வடிவமைத்து வருபவர் தெய்வசிகாமணிதான். அறுபதை நெருங்கிய மனிதர். மடத்தின் தலைவி பூங்காவனத்தம்மா அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். துறவு பூணுவதற்கு முன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். குரு என்றால் பொறுமைசாலி என்று யாராவது நினைத்தால், அவர்கள் இந்த அம்மாவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இந்த முறை சீடர் தெய்வசிகாமணி காரைவிட்டு இறங்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஒரு சந்தேகம் கேக்கோணுங்கம்மா."

"கேளுங்க."

"எவ்வளவுதான் செஞ்சாலும் மனுசங்களுக்குத் திருப்தியே வர மாட்டேங்குதே, அது ஏனுங்க?"

"எந்த மனுசங்களுக்கு?"

"பொதுவாத்தானுங்க."

"பொதுவா எனக்குத் தெரியாது. பேரைச் சொல்லுங்க."

சீடர் கொஞ்சம் தயங்கினார். "சம்பூரணமுங்க," என்றார். சம்பூரணம் அவருடைய மனைவி.

ஞாயிற்றுக்கிழமை கரூரில் மகளுக்கு வளைகாப்பு. புது வல்லூறில் மனைவியோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும் என்பது தெய்வசிகாமணியின் ஆசை. அவளோ பஸ்ஸில்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சீர்த்தட்டுகளை மட்டும் காரில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ஊரே பார்க்க, பெண்டாட்டி இல்லாமல் பலகாரத் தட்டுகளோடு தான் மட்டும் போய் இறங்குவதை நினைத்தாலே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒவ்வொரு வருசமும் புது மாடல் வந்தா, முதல்ல அவளைத்தானுங்க கூட்டிட்டுப் போறேன். முன்சீட்டுல சோதனைக் கருவியெல்லாம் இருக்கும், அவ பின்னால உட்காந்துக்குவா. அவ சொன்ன குறை ஒண்ணைக்கூட நான் விட்டதில்லைங்கம்மா."

"என்ன குறை சொன்னாங்க?"

"முதல் மாடல்ல, கதவுக்கு மேல இருக்கிற கைப்பிடி கையோட பிடுங்கிட்டு வந்துருச்சுன்னா. பிளாஸ்டிக்குங்க அது. அடுத்த வருசம் மோட்டாரை ரெண்டாக்குனோம். கைப்பிடியை அலுமினியத்துல போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"பேட்டரியைப் பெருசாக்குன வருசம் உள்ளங்கை சிவந்துபோச்சுன்னா. கைப்பிடிக்குத் தோலுறை தைச்சுப் போட்டேன். அதுக்கு அடுத்த மாடல் இன்னும் வேகமுங்க. தோல் வேர்வையில வழுக்குதுன்னா. கைப்பிடிக்குள்ள இருந்தே குளுகுளுன்னு காத்து வர்ற மாதிரி பண்ணிட்டேன். எந்த நாட்டுக் கார்லயாவது இருக்குதுங்களா?"

பூங்காவனத்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். தன்மேல் இரக்கப்பட்டு அடித்துக்கொண்டதாகச் சீடர் எடுத்துக்கொண்டார்.

"முதல் வருசம் கைப்பிடியை மட்டுந்தான் சொன்னாங்களா?" என்று கேட்டார் அம்மா.

"மெதுவாப் போங்கன்னு சொன்னாளுங்க. பழக்கமில்லாதவ பாருங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலைங்க."

"இந்த வருசம் என்ன குறை?"

"ஒரு குறையும் சொல்லலைங்கம்மா. அதுதான் எரிச்சலா இருக்குது. குறைன்னு ஒண்ணு சொன்னாத்தானே மாத்த முடியும்? கம்முனு பஸ்ஸுக்குப் போறேங்கிறா!"

அம்மா எழுந்து போய்க் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க."

தெய்வசிகாமணிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மடத்துக்கு முன்னால் ஆள் அரவமில்லாத புளியமரச் சாலை நீண்டு கிடந்தது. வல்லூறால் என்னென்ன முடியுமோ அத்தனையையும் செய்து காட்டினார். வாயும் ஓயவில்லை. போன மாடலைவிட எடை எவ்வளவு குறைவு, சார்ஜ் எவ்வளவு சீக்கிரம் ஏறும், வளைவில் எப்படித் தரையை விடாமல் போகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னாலிருந்து பதில் வரவில்லை. ரசிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டார்.

சாலை முடியும் இடத்தில் கார் நின்றது. அம்மா இறங்கி முன்கதவைத் திறந்தார்.

"இறங்குங்க. பின்னால போய் உட்காருங்க."

"எனக்கு எதுக்குங்கம்மா பின்சீட்டு?"

"கார் ஓடும்போது எப்பவாவது அதுல உட்காந்திருக்கீங்களா?"

சீடர் யோசித்தார். நன்றாகவே யோசித்தார்.

"அளந்திருக்கேனுங்க," என்றார்.

"உட்காருங்கன்னா உட்காருங்க!"

உட்கார்ந்தார். காலுக்கடியில் பேட்டரி இருப்பதால் தரை மேடாக இருந்தது, முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. சரிந்த கூரை உச்சந்தலையில் இடித்தது. எதிரே முன்சீட்டின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்று எல்லாவற்றையும் வழவழவென்று சரித்துக்கொண்டே வந்தது அவரேதான், யாரைக் குற்றம் சொல்வது?

அம்மா ஓட்டினார். கூட்டாமல் குறைக்காமல், சீடர் ஓட்டியபடியே ஓட்டினார்.

மிதித்த வேகத்தில் சீடருடைய பின்னந்தலை சீட்டில் மோதியது. அம்மா மிதியிலிருந்து காலை எடுத்ததும் கார் தானே பிரேக் போட்டதுபோல் சடாரென்று இழுத்துப் பிடித்தது. தெய்வசிகாமணி முன்சீட்டில் போய் முட்டினார். அடுத்தது வளைவா மேடா என்று தெரியாததால் உடம்பைத் தயார்படுத்தவும் முடியவில்லை. வளைவு வந்தது. தோள் கதவில் இடிபட்டது. சாப்பிட்ட இட்லி தொண்டைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வெட்கப்படாமல் சொல்வதானால், அவருக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது.

அவருடைய கை தானாக மேலே போனது. கைப்பிடி கொஞ்சங்கூட ஆடவில்லை. உள்ளங்கையில் குளுகுளுவென்று காற்று வந்தது.

"அம்மா, மெதுவாப் போங்க!"

கார் சீறியது.

"மெதுவாப் போங்கம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்!"

பூங்காவனத்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க," என்றார்.