பதுங்கியிருந்த இருபது பேர்

மலையடிவாரத்தில் ராணுவ அதிரடிப்படை முகாம் ஒன்று இருந்தது. அங்கே கூட்டிப் பெருக்கும் கோட்டைச்சாமி, வீரர்கள் தங்கும் கூடத்தில் கிடந்த நாற்பது காலிப் புகையிலைப் பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு போய் மேஜர் தேவசகாயத்திடம் காட்டினார்.

மேஜர் சீறினார். "என் பசங்க புலிங்க! புகையிலையைத் தொடவே மாட்டாங்க. இது உன் வேலைதான். இல்லைன்னு சாயங்காலத்துக்குள்ள நிரூபி. முடியலைன்னா மூட்டையைக் கட்டு."

"சரிங்க ஐயா. இன்னிக்குப் பதுங்குற பயிற்சி இருக்குதில்ல? தேடுற வேலையை எனக்குக் கொடுங்க."

மேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். இலைதழை போர்த்திக் காட்டுக்குள் பதுங்கும் முகாமின் இருபது வீரர்களையும் பைனாகுலர் வைத்துத் தேடியும் இதுவரை யாரும் கண்டதில்லை.

கோட்டைச்சாமி காற்று முகத்தில் அடிக்கும்படி நடந்தார். நேரே ஒரு புதரிடம் போய், "ஹவில்தார் சார், எழுந்திரிங்க" என்றார். புதர் எழுந்து நின்றது. அரை மணி நேரத்தில் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். மேஜர் வாயைத் திறக்கச் சொன்னார். பதினான்கு கன்னங்களிலும் புகையிலை இருந்தது.

மேஜரின் முகம் வெளுத்துவிட்டது. "எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"பதினோரு வருஷமா இவங்க துப்புறதைக் கழுவுறேன். இந்த நெடி எனக்குத் தெரியாதா?"

"மீதி ஆறு பேர் எங்கே?"

"தெரியலைங்க ஐயா. அவங்க புகையிலை போடுறதில்லை. சண்டைன்னு வந்தா உயிரோட திரும்பப்போறது அந்த ஆறு பேர்தான்."