கையோடு சுமந்த பை

“அவரு உசிரோட இருக்கணும்னா நான் இன்னும் என்ன செய்யணும் சாமி?”

மடத்துக்குள் வந்ததும் அன்னமயில் கேட்டது இதைத்தான். கும்பிடக்கூட இல்லை. துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நீ சாப்பிட்டியா?”

“எங்க வீட்டுக்காரரு மூணு நாளாச் சாப்பிடலை சாமி. குடிதான். குடிக்காத நேரம் சுவத்தைப் பார்த்துக் கிடக்காரு.”

“தூங்குறியா?”

“அவருக்கு மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன்.”

“உன்னைத்தானே கேட்டேன்.”

அன்னமயிலுக்கு விளங்கவில்லை. அதைத்தானே சொல்கிறோம்?

“பையைக் கீழ வை தாயி.”

“வேணாம் சாமி.” பையை இன்னும் இறுக்கினாள். “போன மாசம், ‘நான் போயிட்டா நீ நிம்மதியா இருப்ப’ன்னாரு. அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டேன். கிணத்துக் கயிறு, சவரக்கத்தி, செடிக்கு அடிக்கிற மருந்து. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் என் கையோடதான்.”

“அப்ப தண்ணிக்கு?”

“பக்கத்து வீட்டுல. கயிறு அத்துப்போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“கொழுந்தன்கிட்ட என்ன சொன்ன?”

“அண்ணன் வேலைக்குப் போறாருன்னு.”

“வேலை குடுத்தவர்கிட்ட?”

“காய்ச்சல்னு.”

“ஆளுக்கொரு பொய். மறக்காம இருக்கவே தனி மூளை வேணுமே தாயி.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

“இங்க எப்படி வந்த?”

“கம்மாக்கரை வழியா. நடந்துதான்.”

“நேரா வந்துட்டியா?”

அன்னமயில் நேராக வரவில்லை. வழியில் கம்மாக்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். பையைத் திறந்தாள். உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எதற்குத் திறந்தோம் என்று அப்போது நினைக்கவில்லை. இப்போது நினைத்தாள்.

சாமி கீரைத்தட்டை நகர்த்தினார். கையை நீட்டினார்.

“அவன்கிட்டேயிருந்து நீ எடுத்துட்ட. உன்கிட்டேயிருந்து யாரு எடுக்கிறது?”

கொடுக்கத்தான் நினைத்தாள். விரல் பிரியவில்லை. சாமி ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். பையை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தார். இடுப்பிலிருந்த போனை நீட்டினார்.

“இப்ப அவன்கிட்ட யாரு இருக்கா?”

“யாருமில்லை சாமி.”

“கொழுந்தனை ஓடச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நிசத்தைச் சொல்லு.”

எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வெறுங்கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொழுந்தன் எடுத்துவிட்டான்.

“தம்பி, அண்ணனுக்கு முடியலை,” என்றாள்.

சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் தம்பி.”