எழுநூற்றுப் பன்னிரண்டாவது வீச்சு

தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன மடம். அந்த வருஷம் ஆடிக் காற்று வெறி பிடித்து அடித்தது. மூன்று நாள் செம்மண் புழுதியைச் சாக்குச் சாக்காக வீட்டுக்குள் கொட்டிவிட்டு, நான்காம் நாள் காலையில் ஒன்றும் தெரியாதது போல அடங்கிவிட்டது.

மடத்தில் அப்போது இருந்தது இரண்டே பேர். ஒருத்தி சமையல் பார்க்கும் பேச்சித்தாய். அவளுக்கு மூச்சு இழுக்கும் இளைப்பு நோய் உண்டு. இன்னொருவர் ஆதிலிங்கம், அறுபதைத் தொட்டவர். மடத்துத் தலைவி சங்கரவடிவு அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஆதிலிங்கத்துக்குக் குரு அம்மாதான். பக்கத்து ஊருக்குத் துக்கம் கேட்கப் போன அம்மா காற்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த மடத்தில் கூடம் பெருக்குவதே ஜபம். வாரியலின் ஒரு வீச்சுக்கு ஒரு நாமம். ஆயிரத்தெட்டு வீச்சு ஆனால் ஒரு சுற்று. பதினோரு வருஷத்தில் ஆதிலிங்கம் ஒரு நாள் தவறவிட்டதில்லை.

காற்று அடிக்கும்போதே பெருக்க ஆரம்பித்தார். பெருக்கப் பெருக்க மண் வந்தது. தரையிலிருந்து எழும்பியது உத்தரம் வரை ஏறி, அரை மணியில் மறுபடி தரைக்கே இறங்கியது. இடுப்பு விட்டுப்போயிற்று. மனிதர் விடுவதாக இல்லை. பிடித்தால் பிடித்ததுதான்.

நான்காம் நாள் மத்தியானம் அம்மா வந்து வாசலில் நின்றார்.

"பதினோரு வருஷமா இந்தக் கூடத்தத் தூத்துதேன்மா. உடம்புல தெம்பில்ல. மனசுல அழுக்கும் போன பாடில்ல. இன்னும் எத்தன சுத்து தூத்தணும்?"

"பேச்சித்தாய் எங்க?"

"உள்ள படுத்திருக்கா. ஒரே இருமல். எண்ணிக்க தப்புதேன்னு நாந்தான் கதவச் சாத்திட்டேன்."

அம்மா கதவைத் திறந்தார். பேச்சித்தாய் படுத்திருக்கவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்துக்கொண்டிருந்தாள். பேச்சு வரவில்லை.

அம்மா அவளைத் தாங்கிப் பிடித்து, காற்று சுத்தமாயிருந்த கிணற்றடிக்கு நடத்திப் போனார். அவளுடைய இன்ஹேலரை எடுத்து வந்து உறிஞ்ச வைத்தார். ஆட்டோவுக்கும் சொல்லி வைத்தார். நல்லவேளையாக ஆட்டோ வருமுன்பே இளைப்பு இறங்கியது.

பிறகு அவளை அங்கேயே நிழலில் உட்கார வைத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்தார்.

"ரொம்ப அசந்துட்டீங்க, அண்ணாச்சி. அவ பாயில செத்த நேரம் படுங்க. மிச்சத்த நான் தூத்துதேன். எதுல நிக்குது?"

"எழுநூத்தி பன்னெண்டு."

ஆதிலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே போய் அவள் பாயில் சாய்ந்தார். அம்மா கதவைச் சாத்தினார்.

வாரியல் சத்தம் கேட்டது. கதவுக்கடியில் இருந்த இடுக்கு வழியாகச் செம்புழுதி புகுந்து, தரையோடு தரையாகப் பாய்க்கு வந்தது. இருபது வீச்சில் தொண்டை கரகரத்தது. ஐம்பதில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமினார். வாரியல் நிற்கவில்லை. இன்னும் பலமாக இருமினார்.

இவ்வளவு இருமுகிறேனே, அம்மா காதில் விழவில்லையா என்று ஆத்திரம் வந்தது. அடுத்த நொடி அந்த ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இதே பாயில் பேச்சித்தாய் மூன்று நாள் கிடந்திருக்கிறாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"நிப்பாட்டுங்கம்மா!"

"இன்னும் இருநூத்திச் சொச்சம் இருக்கே."

அவர் வாரியலைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். மூக்கை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியும் ஈரத்துணியுமாக முதலில் பேச்சித்தாயின் அறைக்குள் போனார். அலமாரியின் தலையைத் துடைத்தார், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார், கடைசியில் முட்டி போட்டுத் தரையைத் துடைத்தார். பாயையும் போர்வையையும் உதறாமல் சுருட்டிக் கொண்டுபோய் அலசிப் போட்டார். வாளித் தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி ஆயிற்று. ஆறு வாளி மாற்றினார். நடுவில் அழுகை வந்தது. அழுதுகொண்டே துடைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் பேச்சித்தாய் அந்த அறைக்குள் வந்து வேறொரு பாயில் தலையைச் சாய்த்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆதிலிங்கம் நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"எண்ணிக்க விட்டுப்போச்சும்மா. இனி எங்கருந்து தொடங்க?"

"கதவத் திறந்து வையிங்க. அவ பக்கத்துல உக்காந்து, அவ மூச்ச எண்ணுங்க, அண்ணாச்சி."