குப்பைக்குழிக்குக் குடிபோன மன்றம்

மூன்று குன்றுகள் கூடி நிற்கும் ஒரு காட்டில், விலங்குகள் எல்லாம் ஒரே குளத்துத் தண்ணீரைத்தான் குடித்துவந்தன. அந்த வருடம் முதல் மழை பெய்ததும் குளம் நாறியது. குரங்குகள் வீசிய பலாச் சக்கை, நீர்நாய் துப்பிய மீன்முள், கழுதைப்புலி பாதி கடித்துப் போட்ட எலும்பு எல்லாம் வெள்ளத்தோடு வந்து அதில் மிதந்தன. மான்குட்டிகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு படுத்தன.

மருத மரத்தடியில் மன்றம் கூடியது. தலைவர் காட்டெருது. அவர் எதையும் சட்டென்று சொல்லிவிட மாட்டார். புல்லை அசைபோடுவது போலவே பேச்சையும் அசைபோட்டுத்தான் வெளியே விடுவார்.

"இனிமேல் கண்ட இடத்தில் குப்பை வீசக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே குழியில் போடுவோம். சம்மதமா?" என்று கேட்டார்.

அந்தக் காட்டில் சம்மதம் என்றால் வாலைத் தூக்க வேண்டும். எல்லா வால்களும் ஒன்றாக மேலே போயின. மயில் தோகையையே விரித்துவிட்டது. வால் இருக்கும் இடமே தெரியாத கரடி, காதைத் தூக்கிக் காட்டியது.

"சரி. குழியை எங்கே வெட்டுவது?"

எல்லா வால்களும் கீழே இறங்கின.

"என் பக்கம் வேண்டவே வேண்டாம். அது நான் ஆடுகிற இடம்" என்றது மயில்.

"எங்கள் மரத்துப் பக்கமும் வேண்டாம். பிள்ளைகள் தவறி விழுந்துவிடும்" என்றது குரங்கு.

"யார், உன் பிள்ளைகளா? அவை விழுந்து நான் பார்த்ததே இல்லையே!" என்று கரடி சிரித்தது.

அப்போது நரி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பள்ளத்துப் புதர் சும்மாதானே கிடக்கிறது? அங்கே இருப்பது ஒரே ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம். நாற்றம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது."

"அவர்களைக் கேட்டீரா, நரியாரே?"

"பகலெல்லாம் தூங்குகிறவர்களை எழுப்பிக் கேட்பது மரியாதையா, தலைவரே?"

மன்றம் சிரித்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் வீடு போய்ச் சேரும் அவசரம். வால்கள் மறுபடி எழுந்தன. காட்டெருதும் தன் வாலைத் தூக்கினார்.

பள்ளத்தில் குழி வெட்டினார்கள். குளம் கொஞ்சம் தெளிந்தது. மான்குட்டிகள் எழுந்து நின்றன. போகிற இடமெல்லாம் காட்டெருதுக்குப் பாராட்டு. அவரும் கொம்பைச் சற்று நிமிர்த்தித்தான் நடந்தார்.

ஒரு நாள் உச்சி வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு முள்ளம்பன்றித் தாய் அவரைத் தேடி வந்தாள்.

"என்ன முள்ளம்மா, பகல் வேளையில்?"

"தூக்கம் வந்தால்தானே ஐயா, பகலும் இரவும்!"

"குழியை ஆழமாகத்தானே வெட்டினோம்?"

"குப்பை குழிக்குள் விழுந்தால் ஆழம் உதவும். யார் கிட்டே வருகிறார்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு மேட்டிலிருந்தே வீசுகிறார்கள். நேற்று ஒரு பெரிய எலும்பு என் வளை வாசலை அடைத்துக்கொண்டு விழுந்தது. கடைக்குட்டிக்கு மூச்சு இழுக்கிறது. அவனுக்கு நடக்கத் தெம்பு வந்ததும் நாங்கள் வேறு காட்டுக்குப் போய்விடுகிறோம். தலைவரிடம் சொல்லாமல் போகக் கூடாது என்று வந்தேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் காட்டெருதைக் குத்தியது.

அவர் அவளோடு பள்ளம் வரை நடந்தார். குழி காலியாகக் கிடந்தது. குழியைச் சுற்றித்தான் குப்பை. எலும்பும் சக்கையும் மீன்முள்ளும் ஒன்றோடொன்று குழைந்து கிடக்க, அதில் ஈ மொய்த்தது. அடியிலிருந்து கறுப்பாக ஒரு நீர் கசிந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, குளத்துப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. வளைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு மூச்சிரைப்பு கேட்டது.

'என் வாசலாக இருந்தால் அன்று வாலைத் தூக்கியிருப்பேனா?' என்று காட்டெருது தன்னையே கேட்டார். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. குழியை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று நினைத்தார். மாற்றினால் அங்கேயும் ஒரு வளை இருக்கும், அதற்குள்ளும் ஒரு குட்டி இருக்கும்.

"அடுத்த மன்றம் வரை பொறுத்துக்கொள், அம்மா."

"அடுத்த மன்றத்தில் மட்டும் என்ன நடந்துவிடும் ஐயா? மறுபடியும் வாலைத் தூக்குவார்கள்."



அடுத்த மன்றம் மருத மரத்தடியில் கூடியதும், காட்டெருது முதல் கேள்வியைக் கேட்டார்.

"பள்ளத்துக் குழி எப்படி இருக்கிறது?"

"பிரமாதம், தலைவரே! நாற்றம் என்கிற பேச்சுக்கே இடமில்லை" என்றது நரி.

"இந்த மாதிரிக் குழி எந்தக் காட்டில் இருக்கிறது?" என்றது, அந்தப் பக்கம் போயே இராத மயில்.

"நாற்றமே இல்லை. எல்லோருக்கும் இதே கருத்துதானா?"

வால்கள் அத்தனையும் மேலே நின்றன.

"ரொம்ப நல்லது" என்றார் காட்டெருது. "மன்றம் கூடும் இடத்தைக் குறிப்பது தலைவரின் உரிமை. அதற்கு யார் வாலும் தேவையில்லை. இன்று முதல் நம் மன்றம் பள்ளத்துக் குழிக்கரையில்தான் கூடும். நானும் இன்றே அங்கே குடிபோகிறேன். எழுந்திருங்கள்."

மேலே நின்ற வால்கள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

"எனக்கு... கொஞ்சம் ஜலதோஷம், தலைவரே" என்று இழுத்தது நரி.

"அப்படியானால் உமக்குக் கவலையே இல்லை, நரியாரே. முன்வரிசையில் உட்காரும்!"

குழிக்கரையில் மன்றம் உட்கார்ந்தது. நரியின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. மயிலின் தோகையில் ஈக்கள் வரிசையாக இடம் பிடித்தன. காட்டெருது அன்று வழக்கத்தைவிட மெதுவாக அசைபோட்டார்.

"தலைவரே, சீக்கிரம் பேசி முடியுங்களேன்!" என்று மயில் கெஞ்சியது.

"யோசிக்கிறேன், மயிலாரே. என் யோசனை மெதுவாகத்தான் வரும். வேறு யாராவது யோசித்தால் சீக்கிரம் முடியும்."

உடனே எல்லோரும் யோசித்தார்கள். அந்தக் காடு அப்படி யோசித்து யாரும் பார்த்ததில்லை.

"எலும்பைத் தனியாக வையுங்கள், நானே வந்து தின்றுவிடுகிறேன். அது பலாச் சக்கையோடு கலந்து கிடந்தால் எனக்கே குமட்டுகிறது" என்றது கழுதைப்புலி.

"சக்கையும் தழையும் ஒரு பக்கம் போனால், நான் மண்ணைத் தள்ளி மூடிவிடுவேன். புழு கிடைக்கும், எனக்கு லாபம்தான்" என்றது காட்டுப்பன்றி.

"யார் உட்கார்ந்து பிரிப்பது?" என்றது குரங்கு.

"அவரவர் வீட்டிலேயே பிரித்துக் கொண்டுவர வேண்டும்!" என்று மயில் அலறியது. "பிரிக்காமல் கொண்டுவருகிறவர் இந்த முன்வரிசையிலேயே நாள் முழுக்க உட்கார வேண்டும்!"

குரங்கு மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தது.

"குளத்துப் பக்கம் கரை எழுப்பினால் இந்தக் கறுப்பு நீர் போகாது. நேராக வேண்டாம், வளைவாக எழுப்புங்கள்" என்றது ஒரு குரல். பேசியது நரி! தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே அது கரை போகும் வழியைக் காலால் கீறிக் காட்டியது. வழி சரியாகத்தான் இருந்தது.

"சம்மதமா?" என்றார் காட்டெருது.

வால்கள் எழுந்தன. மூக்கைப் பொத்தியபடியே முள்ளம்மாவும் தன் குட்டை வாலைத் தூக்கினாள். மன்றத்தில் அவள் தூக்கிய முதல் வால் அது.

இத்தோடு முடிந்ததென்று காட்டெருது நம்பிவிடவில்லை. சட்டம் போட்ட அன்று எல்லோரும் நல்லவர்கள்தான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர் குழிக்கரையைவிட்டு நகரவில்லை. காலையில் கண் விழித்ததும் குழியைப் பார்த்தார், படுக்கும்போதும் குழியைப் பார்த்தார். மழைக்குப் பின் கரையில் விரிசல் கண்டால் தாமே கொம்பால் மண்ணைக் குத்தி அடைத்தார். அவர் நகராததால் மன்றமும் நகரவில்லை. மன்றம் நகராததால் குப்பை சிதறவில்லை.

கடைக்குட்டியின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. ஒரு மாலையில் அவன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு காட்டெருதின் கால்களுக்கு நடுவே ஓடினான். அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. முள்ளம்மா காட்டைவிட்டுப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. காட்டெருதும் கேட்கவில்லை.

மூடிய மண்ணில் பூசணிக்கொடி படர்ந்தது. குளத்தின் அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன.

கோடையில் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு யானை விருந்துக்கு வந்தது.

"உங்கள் காட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அருவி ஏதாவது உண்டா?"

"அருவி எந்தக் காட்டில்தான் இல்லை?" என்றது மயில். "வாருங்கள், எங்கள் குப்பைக்குழியைக் காட்டுகிறேன்!"

நான் முந்தி, நீ முந்தி என்று காடே கூட நடந்தது. கழுதைப்புலி தனக்கென்று எலும்பைத் தனியாகக் குவிக்கும் மேடையைக் காட்டியது. காட்டுப்பன்றி மண்ணைக் கிளறி, "முகர்ந்து பாருங்கள்!" என்றது. நரி தான் வளைத்த கரையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசியது. யானை தும்பிக்கையை நாலா பக்கமும் நீட்டியது.

"மண் வாசனைதான் வருகிறது! நிஜமாகவே இதுதான் குப்பைக்குழியா?"

காட்டெருது பெருமையோடு கொம்பை நிமிர்த்தினார்.  

யானை இன்னும் நன்றாகப் பார்க்க, கரைமேல் காலை வைக்கப் போனது.

"ஐயா, அங்கேயே நில்லுங்கள்!"

வளைக்குள்ளிருந்து முள்ளம்மா வெளியே வந்தாள். யானையின் கால் நகத்தளவுதான் இருந்தாள். ஆனாலும் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள் காலெல்லாம் சேறு. புல்லில் துடைத்துவிட்டு வாருங்கள். இது எங்கள் வாசல்."

யானை பணிவாகக் காலைத் துடைத்தது. பக்கத்தில் நின்ற காட்டெருது, தம் குளம்புகளையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

நீதி: பிறர் வாசலுக்கென்று போட்ட சட்டத்தின் பக்கத்திலேயே தாமும் குடியிருக்கத் துணிகிறவரே நல்ல தலைவர்.